இழுக்கும் சரி, தாங்குமா? – வீட்டைக் கட்டி இழுத்த வண்டிகளின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் ஓட்டம் கெடாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்கிறது.

போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை ஐந்து மணி. டெக்சாஸிலிருந்து அக்கா. அங்கே சனிக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்துல போன் வந்தா நமக்கு எப்படி இருக்கும்? எடுத்ததும் முதல் வார்த்தை, "யாருக்கும் ஒண்ணும் ஆகல, பயப்படாதே."

விஷயம் இதுதான். அக்காவும் மாமாவும் ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கியிருந்தாங்க. தெரியாதவங்களுக்கு: சக்கரத்து மேல நிக்கிற ஒரு குட்டி வீடு. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும், இன்ஜின் மட்டும் இருக்காது. கார் பின்னாடி கொக்கி போட்டு மாட்டி இழுத்துட்டுப் போகணும். இவங்க வாங்கினது 27 அடி நீளம். ரெண்டு பசங்க, ஆறு மாச விசிட்ல போயிருந்த எங்க அம்மா, எல்லாரும் சேர்ந்து முதல் பயணம். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி இவங்களைத் தாண்டிப் போச்சு. அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடியது. அப்புறம் அது நிற்கவே இல்லை. இடது, வலது, இடது, வலது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசு. வால் நாயை ஆட்டுகிற மாதிரி, டிரெய்லர் காரை ஆட்டியது.

மாமா எப்படியோ வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்திட்டார். அம்மா பின் சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டு இருந்தாங்களாம்.

அக்கா கேட்ட கேள்வி: "இந்த எஸ்.யூ.வி. 7,500 பவுண்ட் இழுக்கும்னு எழுதியே குடுத்திருக்கான். டிரெய்லர் வெறும் எடை 5,400தான். வித்தவரும் ஜம்முனு இழுக்கும்னு சொன்னார். அப்புறம் ஏன்டா இப்படி ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியல. காரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் வரலாறு படிக்கிறவன். அதனால வரலாற்றுல தேடினேன். அக்கா கேட்ட கேள்விக்கு நூத்தி நாற்பது வருஷ வயசு இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சது.

குதிரையில் ஆரம்பித்த கணக்கு

1885, இங்கிலாந்து. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர். பிரிட்டிஷ் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியே பிழைப்பு நடத்தினார். அவருக்கு ஒரு ஆசை: வீட்டையே கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். பிரிஸ்டலில் இருந்த வேகன் கம்பெனியிடம் சொல்லி, மஹோகனி மரத்தில் ஒரு வண்டி செய்து வாங்கினார். பெயர் வாண்டரர். எடை ஏறத்தாழ இரண்டு டன்.

அதை இழுக்க இரண்டு குதிரைகள். கார்ன்ஃபிளவர் ஒன்று, பீ-பிளாஸம் இன்னொன்று. கூடவே ஒரு வண்டிக்காரர், ஒரு வேலையாள், ஒரு பெரிய நாய். அந்த வேலையாளின் பணி என்ன தெரியுமா? மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வருகிறவர்களிடம் "பின்னாடி பெரிய வண்டி வருது, ஒதுங்குங்க" என்று சொல்வது! இப்படியே ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை போனார். பயணத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1,300 மைல் பயணம் என்று அதன் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார்.

குதிரை காலத்தில் ஒரு வசதி இருந்தது. பாரம் அதிகமானால் குதிரை சொல்லிவிடும். மூச்சு வாங்கும், நின்றுவிடும், மேட்டில் ஏற மறுக்கும். இழுப்பவருக்கு ஒரு வாய் இருந்தது. காருக்கு அது கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது பாட்டுக்குப் போகும். தாங்க முடியாததை நம்மிடம் சொல்லாமலே இழுக்கும்.

நம்ம ஊர் மாட்டு வண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இரட்டை மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். முன்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். அதனால் லேசாக முன்பாரம் இருக்கிற மாதிரி ஏற்றுவார்கள். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில இங்கதான் திரும்ப வரப் போறோம்.

மழையில் நனைந்த டாக்டர்

கார் இழுக்கிற மாதிரி கேரவனைத் தொழிலாகவே செய்து விற்க ஆரம்பித்தது இங்கிலாந்தில்தான். 1919ல் பர்மிங்காமில் எக்கிள்ஸ் கம்பெனி. ஆனால் அதைப் பெரிய அலையாக மாற்றியது அமெரிக்கா.

டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒரு பாக்டீரியா ஆராய்ச்சியாளர். மருந்துக் கம்பெனி நடத்தியவர். 1920களின் கடைசியில் குடும்பத்தோடு முகாம் போக, சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்ற ஒரு கூடார டிரெய்லரை வாங்கினார். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் விரிந்தபாடில்லை, குடும்பமே நனைந்தது. கடுப்பாகி வீட்டுக்கு வந்தவர், கெட்டியான சுவர் உள்ள ஒரு பெட்டியை அவரே வடிவமைத்து, தச்சரிடம் சொல்லிச் செய்ய வைத்தார். அவர் பிள்ளைகள் அதைக் கிண்டலாக 'கவர்டு வேகன்' என்று கூப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் குடியேறிகள் மேற்கே போன கூண்டு வண்டியின் பெயர் அது. அதையே கம்பெனிக்கும் வைத்துவிட்டார்.

1930 ஜனவரி, டெட்ராய்ட் ஆட்டோ ஷோ. அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரத்திலும் அந்த ஆண்டில் 118 டிரெய்லர்கள் விற்றன. 1936ல் அது ஏறத்தாழ 6,000 ஆனது. அப்போது ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர், இருபது வருஷத்தில் அமெரிக்காவில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வாழப் போகிறார்கள் என்று ஆரூடம் சொன்னார். பலிக்கல. ஆனா அப்போ இருந்த மோகம் புரியுது இல்லையா?

அந்தக் காலத்துக் கார்களின் பலம் எவ்வளவு? ஃபோர்டு மாடல் ஏ காருக்கு 40 குதிரைத்திறன். 1932ல் வந்த ஃபோர்டு வி8க்கு 65. இன்றைய ஒரு சாதாரண ஹேட்ச்பேக் அதைவிட அதிகம் தரும். அதனால் எல்லாருக்கும் இருந்த ஒரே கவலை, இழுக்குமா என்பதுதான். டிரெய்லர் செய்தவர்கள் எடையைக் குறைக்கப் பாடுபட்டார்கள். 1934ல் ஹாலி போலஸ் அலுமினியத்தில் ஒரு டிரெய்லர் செய்தார். அவர் கிளைடர் விமானம் செய்தவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய வேலையை மேற்பார்வை பார்த்தவரும் அவரே. அந்தப் பாணியைத் தொடர்ந்து 1936ல் வாலி பையம் என்பவர் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' கொண்டுவந்தார். சினிமாக்களில் பார்த்திருப்பீங்க, வெள்ளி நிறத்தில் பளபளக்கிற, உருண்டையான டிரெய்லர். அதோட மூதாதை இதுதான்.

சைக்கிளும் விண்வெளி ஓடமும்

1947ல் ஏர்ஸ்ட்ரீம் ஒரு விளம்பரப் படம் எடுத்தது. ஆல்ஃபிரெட் லெட்டூர்னர் என்று பிரான்ஸைச் சேர்ந்த சைக்கிள் வீரர். 1941ல் சைக்கிளில் மணிக்கு 108 மைல் வேகம் தொட்டவர். அவரை சைக்கிளில் உட்கார வைத்து, பின்னால் ஒரு ஏர்ஸ்ட்ரீமைக் கட்டி இழுக்க வைத்தார்கள். இழுத்தார். போட்டோவில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. அந்தப் படம் கம்பெனியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இதைப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? "சைக்கிளே இழுக்குதே, என் கார் இழுக்காதா?"

அப்படியே 65 வருஷம் தாண்டி வாங்க. 2012 அக்டோபர், லாஸ் ஏஞ்சலிஸ். ஓய்வு பெற்ற 'எண்டெவர்' விண்வெளி ஓடத்தை ஊருக்குள் ஊர்வலமாக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம். வழக்கமான ராட்சத சுமைவண்டி அந்தப் பாலத்துக்கு அதிக பாரம். அதனால் ஓடத்தை இலகுவான ஒரு சக்கர மேடைக்கு மாற்றி, கடையில் விற்கிற டொயோட்டா டண்ட்ரா பிக்-அப் ஒன்றால் இழுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 2,92,000 பவுண்ட். அந்த வண்டிக்குக் கொடுத்திருந்த வரம்பைவிடப் பல மடங்கு. 2019ல் ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே போய், மின்சார எஃப்-150 மாதிரி ஒன்றால் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள ரயில் பெட்டிகளை இழுத்துக் காட்டியது.

மூணுமே உண்மை. மூணுமே ஒரே வித்தை. சமதளத்தில், நல்ல சக்கரம் உள்ள எதையும் மெதுவாக நகர்த்த ரொம்ப பலம் தேவையில்லை. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து நின்றுபோன பஸ்ஸையே தள்ளுவாங்களே! அந்தப் பத்துப் பேரும் அதே பஸ்ஸை மலை மேல ஏத்துவாங்களா? இறக்கத்தில் பிடிச்சு நிறுத்துவாங்களா? அறுபது மைல் வேகத்தில், பக்கவாட்டுக் காற்றில், அதை நேரா வெச்சிருப்பாங்களா? இந்த மூன்று கேள்வியும் விளம்பரத்தில் வராது. அந்த சைக்கிள்காரர் பின்னால் பிள்ளைகளும் இல்லை.

கல் சேர்த்த மனைவி

இதை முதலில் நேர்மையாகச் சொன்னது ஒரு காமெடிப் படம். 1954ல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்'. லூசில் பால், டெசி ஆர்னாஸ் நடித்தது, இயக்கம் வின்சென்ட் மினெல்லி. புதுசாகக் கல்யாணமான ஜோடி, மெர்குரி கார் ஒன்றில் 36 அடி டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறது. டிரெய்லர் வாங்கியதும் செலவு நிற்கவில்லை. இழுக்கிற காருக்குக் கொக்கி, பிரேக், அது இது என்று போய்க்கொண்டே இருக்கிறது. எதையும் வாங்கும் முன் இழுக்கிற வண்டியின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடணும்னு அந்தப் படம் அன்றைக்கே சொன்னது.

மனைவிக்கு ஒரு பழக்கம்: போகிற ஊரிலிருந்தெல்லாம் ஞாபகார்த்தமாக ஒரு கல்லை எடுத்து டிரெய்லரில் வைப்பாள். கணவன் தூக்கிப் போடச் சொல்கிறான், அவள் ஒளித்து வைக்கிறாள். ஒரு பயங்கரமான மலைப்பாதையில் அந்தக் கல் எல்லாம் உருள ஆரம்பிக்கும்போது தியேட்டரில் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்திருக்கும்.

இந்தக் கதையை அக்காகிட்ட சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாள்: "டேய், அம்மா டேபிள் டாப் கிரைண்டரைத் தூக்கிட்டு வந்திருக்காங்கடா. அதுக்குள்ளயும் கல்லுதான்."

ஊர்வலமாகப் போனவர்கள்

ஏர்ஸ்ட்ரீம் வாலி பையமுக்கு வருவோம். அவர் டிரெய்லர் வைத்திருப்பவர்களைக் கூட்டம் கூட்டமாக நாடு விட்டு நாடு கூட்டிப் போனார். முதல் பெரிய பயணம் 1951ல், மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்கு. 63 டிரெய்லர்கள் கிளம்பின. நிகரகுவாவின் மனாகுவா வரை போய்ச் சேர்ந்தவை 14. மோசமான ரோடும் செங்குத்தான மேடும் எந்த வண்டி எதுக்கு லாயக்கு என்பதை அங்கேயே காட்டிவிட்டன.

1959ல் கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு 41 டிரெய்லர்கள். இந்தத் தடவை இழுத்த வண்டிகளில் பல, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மாதிரியான லாரி ரகம். பாடம் படிச்சிருந்தாங்க. 1962ல் பையம் இறந்த பிறகும் பயணங்கள் நிற்கவில்லை. 1963-64ல் ஒரு கூட்டம் சிங்கப்பூரில் தொடங்கி லிஸ்பன் வரை போனது. நடுவில் நம்ம நாட்டு வழியாகவும் வந்தாங்க. தாஜ்மகால் பின்னணியில் வரிசையாக வெள்ளி டிரெய்லர்கள் நிற்கிறதைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

குடும்ப வண்டி காணாமல் போன கதை

சரி, ஆப்பிரிக்கா போகாத சாதாரணக் குடும்பம் என்ன செய்தது? 1950களிலிருந்து 70கள் வரை அமெரிக்காவில் அதற்கென்றே செய்த மாதிரி ஒரு வண்டி இருந்தது: ஸ்டேஷன் வேகன். நீளமான கார், பின்னால் டிக்கி வரை நீளும் கூரை, பெரிய வி8 இன்ஜின், அடியில் கனமான இரும்புச் சட்டகம். முன்னால் அப்பா அம்மா, பின்னால் நாலு பிள்ளைகள், அதற்குப் பின்னால் டிரெய்லர்.

அந்தக் கார்களின் பின்புறம் மென்மையான ஸ்பிரிங்கில் நிற்கும். டிரெய்லரின் மூக்கு வந்து கொக்கியில் உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கும். சீசா விளையாட்டு மாதிரி முன்பக்கம் தூக்கும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேட்காது. இதற்குக் கண்டுபிடித்ததுதான் எடையைப் பகிர்ந்து கொடுக்கிற கொக்கி. இரண்டு பக்கமும் வளையக்கூடிய எஃகுக் கம்பிகள். அவற்றை இழுத்து மாட்டும்போது, கொக்கியில் விழுகிற பாரத்தில் ஒரு பங்கை காரின் முன்சக்கரத்துக்கும், இன்னொரு பங்கை டிரெய்லரின் சக்கரத்துக்கும் தள்ளும். கார் மறுபடி நேராக நிற்கும். இன்றைக்கும் அதே முறைதான்.

பிறகு 1973ல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் பங்குகளில் வரிசை. 1975ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது: கார் கம்பெனிகள் விற்கிற கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் கேலனுக்கு 27.5 மைலாக வேண்டும். நம்ம கணக்கில் லிட்டருக்குப் பதினொன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ராட்சத ஸ்டேஷன் வேகனை வைத்துக்கொண்டு அந்தச் சராசரியைத் தொட முடியாது. ஆனால் பிக்-அப் போன்ற இலகு லாரிகளுக்கு அதே சட்டத்தின் கீழ் தனி வரம்பு, கொஞ்சம் தளர்வாக.

கம்பெனிகள் என்ன செய்யும்? காரைச் சின்னதாக்கின, முன்சக்கரத்தால் ஓடுகிற மாதிரி மாற்றின. 1984 மாடலாக கிரைஸ்லரின் மினிவேன் வந்தது. பெரிய குடும்பங்கள் அதற்கும், பிறகு எஸ்.யூ.வி.க்கும், பிக்-அப்புக்கும் நகர்ந்தன. 1996ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கடைசிப் பெரிய வேகன்களை நிறுத்தியது. அதில் ஒன்று பியூக் ரோட்மாஸ்டர். தகுந்த உபகரணம் போட்டால் 5,000 பவுண்ட் இழுக்கும். இப்படித்தான் குடும்ப வண்டி லாரியாக மாறியது. டிரெய்லர் இழுக்கிறவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போட்ட ஒரு சட்டத்தின் பக்கவிளைவு இது.

எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்?

பிக்-அப்புகள் வந்ததும் கம்பெனிகளுக்குள் போட்டி. என் வண்டி 9,000 பவுண்ட் இழுக்கும், என் வண்டி 10,000 இழுக்கும். எப்படிச் சோதித்தீர்கள் என்றால் ஆளுக்கு ஒரு முறை. பொதுவான அளவுகோலே கிடையாது.

2008ல்தான் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஒரு பொது விதியை வெளியிட்டது. பெயர் ஜே2807. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றம். ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் 3,000 அடி ஏறணும். கொளுத்துகிற வெயில், ஏசி முழு வேகத்தில், பின்னால் முழு பாரம். வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் தொட 30 விநாடிதான் அனுமதி. பிரேக்குக்கும் ஆட்டத்துக்கும் தனிச் சோதனைகள். 2011 மாடலில் டொயோட்டா முதலில் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டதும் அதன் பிக்-அப்பின் எண் சில நூறு பவுண்ட் குறைந்தது! மற்ற பெரிய கம்பெனிகள் 2015 மாடல் வாக்கில்தான் வந்து சேர்ந்தன.

நல்ல விதிதான். ஆனால் அதைப் படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். சோதனையின்போது வண்டிக்குள் எத்தனை பேர் இருப்பதாகக் கணக்கு? இரண்டு பேர். டிரைவர் ஒருவர், பக்கத்தில் ஒருவர். ஆளுக்கு 150 பவுண்ட், அதாவது 68 கிலோ.

அக்கா நம்பின 7,500ல் பசங்க ரெண்டு பேரும் இல்லை. அம்மா இல்லை. கிரைண்டர் இல்லவே இல்லை.

டெக்சாஸ் எடை மேடை

அக்காகிட்ட டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எடை அதில் போட்டிருக்கும். அவங்க வண்டிக்கு 1,350 பவுண்ட். அடுத்த நாள் மாமா லாரிகள் நிற்கிற ஒரு இடத்தில் இருந்த எடை மேடைக்குப் போனார். காரின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனியாக எடை வரும். டிரெய்லரோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை.

கணக்கு இதோ. அஞ்சு பேர் சேர்ந்து 580 பவுண்ட். காருக்குள் சாமான், கூலர், அரிசி மூட்டை, கிரைண்டர் 250. கொக்கி மட்டும் 90. ஆக 920. டிரெய்லரின் வெறும் எடை 5,400 என்றாலும், தண்ணீர், கேஸ் சிலிண்டர், துணிமணி, பாத்திரம் எல்லாம் சேர்ந்து 6,500 ஆகியிருந்தது. அதில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் உட்காரணும் என்பது பொது விதி. 13 சதவீதம் என்று வையுங்கள்: 845. மொத்தம் 1,765. வரம்பு 1,350. அதாவது 415 பவுண்ட், கிட்டத்தட்ட 190 கிலோ கூடுதல். 7,500க்குள்ளேதான் இருக்காங்க, ஆனாலும் கூடுதல்!

இப்போ மாமா என்ன செஞ்சிருக்கார்னா, கிளம்புற அன்னிக்கு காரின் பின்பக்கம் அமுங்கியிருக்கிறதைப் பார்த்திருக்கார். அதைச் சரி பண்ண, டிரெய்லரில் கனமானதையெல்லாம் பின்னால் நகர்த்தினார். நாலு சைக்கிளைப் பின் பம்பரில் மாட்டினார். கடைசியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை முழுசா நிரப்பினார். கார் நேராக நிமிர்ந்தது. சந்தோஷமாகக் கிளம்பிட்டார்.

எடை மேடையில் பார்த்தால் கொக்கியின் மேல் வெறும் 450 பவுண்ட். ஏழு சதவீதம்கூட இல்லை. பின்பாரம். மாட்டு வண்டிக்காரர் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். மூக்கு லேசாகி, வால் கனமான டிரெய்லரை ஒரு தடவை தட்டிவிட்டால், கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட ஆரம்பிக்கும்; வேகம் அதிகமாக இருந்தால் ஆட்டம் வளரும்.

அவர் மாட்டிக்கொண்ட பொறியைக் கவனிச்சீங்களா? பாரத்தை முன்னால் வைத்தால் கார் தாங்காது. பின்னால் தள்ளினால் டிரெய்லர் ஆடும். நடுவில் சரியான இடம்னு ஒண்ணு அந்த ஜோடிக்கு இல்லவே இல்லை. எந்தக் கொக்கி போட்டாலும் அது மாறாது.

ஒண்ணு மட்டும் சரியா செஞ்சார். ஆட்டம் வந்தபோது கார் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். பின்னால் இருப்பது முதலில் நின்றால், அது முன்னால் இருப்பதை நேராக இழுத்துக்கொள்ளும்.

கடைசியில் என்ன ஆச்சு?

அந்த ராத்திரி வீடியோ காலில் குடும்பமே உட்கார்ந்து பேசினோம். பெரிய பிக்-அப் வாங்கலாம் என்றார் மாமா. 3,000 பவுண்ட் வரை தாங்கும் வண்டிகள் இருக்கு. ஆனால் தினமும் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் அதையே ஓட்டணும், விலையும் அதிகம், அம்மாவுக்கு முட்டிவலி, அவ்வளவு உயரம் ஏற முடியாது.

அப்போ அம்மா கேட்டாங்க, "நான் வரலைன்னா கணக்கு சரியாயிடுமா?"

யாரும் பேசல. மாமா பேப்பரை எடுத்து உண்மையாகவே கழித்துப் பார்த்தார். "இல்ல அத்தை, அப்பவும் 285 பவுண்ட் அதிகம். நீங்க இதுல காரணமே இல்ல." அம்மா சிரிச்சிட்டாங்க. எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

27 அடி டிரெய்லரைக் கொஞ்சம் நஷ்டத்துக்கு வித்துட்டு, 21 அடியில் ஒண்ணு வாங்கினாங்க. சாமானையெல்லாம் டிரெய்லருக்குள், சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தாங்க. எல்லாம் ஏற்றி 4,800 பவுண்ட். கொக்கியில் 12 சதவீதம், 576. ஆட்கள் 580, கொக்கி 90. மொத்தம் 1,246. வரம்புக்கு 104 பவுண்ட் பாக்கி. கார் மாறவில்லை.

உங்கள்ல யாராவது வெளிநாட்டில் இப்படி ஒண்ணு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போனால், இழுக்கும் எடையை விசாரிக்கிறதுக்கு முன்னாடி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் பாருங்க. அதில் முதலில் குடும்பத்தைக் கழிங்க. மிச்சம் இருக்கிறதுதான் டிரெய்லருக்கு.

அடுத்த மாசமே ஏரிக்கரையில் முகாம் போட்டாங்க. சாயங்காலம் போட்டோ வந்தது. டிரெய்லர் வாசலில் மடக்கு நாற்காலி, பக்கத்தில் கிரைண்டர் ஓடிட்டு இருக்கு, அம்மா உளுந்து ஆட்டுறாங்க. கிரைண்டரையும் எடை போட்டுத்தான் ஏத்தினாராம் மாமா. 25 பவுண்ட்.

இன்னிக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.